மெடிகேர்ல ஏன் இத்தனை பார்ட், இத்தனை ஓட்டை

அமெரிக்காவுல இருக்கற தமிழ் வாட்ஸப் குரூப் எதுலயாவது "அப்பாவுக்கு 65 ஆகப்போகுது, மெடிகேர் கிடைக்குமா"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், கொஞ்ச நேரத்துல வரிசையா பதில் வந்து விழும், ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இருக்காது. அதுல பாதிப்பேர் சொல்றது அவங்கவங்க வீட்டு கதைக்கு சரியாத்தான் இருக்கும். ஒருத்தரோட அப்பா இங்கயே முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், இன்னொருத்தரோட அம்மா போன வருஷம்தான் கிரீன் கார்டுல வந்தாங்க, மூணாவது ஆள் மெடிகேரையும் மெடிகெய்டையும் ஒன்னுன்னு நினைச்சு பேசிட்டு இருப்பார்.

முதல்ல அந்த ரெண்டையும் பிரிச்சுடலாம். மெடிகேர்ங்கறது வயசானவங்களுக்கும் (65க்கு மேல) வேலை பாக்க முடியாத அளவுக்கு உடல் குறைபாடு உள்ளவங்களுக்கும் மத்திய அரசு நடத்தற இன்சூரன்ஸ், பணக்காரன் ஏழைங்கற பேச்சே கிடையாது. மெடிகெய்டு வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு, மத்திய அரசும் மாநிலமும் சேந்து நடத்தறது, மாநிலத்துக்கு மாநிலம் ரூல் மாறும். ரெண்டும் 1965ல ஒரே சட்டத்துல பொறந்ததுங்க, அதனாலதான் பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு.

மெடிகேர் ரூல்ஸை இன்னைக்கு லாஜிக் வச்சு புரிஞ்சுக்கவே முடியாதுங்கறது என்னோட அபிப்பிராயம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பார்ட், டாக்டருக்கு ஒரு பார்ட், மாத்திரைக்கு ஒரு பார்ட், பல்லுக்கு ஒன்னுமே இல்ல, இதை எந்த புத்திசாலியும் ஒரே நாள்ல உக்காந்து இப்படி டிசைன் பண்ணியிருக்க மாட்டான். வேற வேற வருஷத்துல வேற வேற ஆளுங்க சண்டை போட்டு, பேரம் பேசி, முன்னாடி இருந்ததை பிரிக்காமலே மேல மேல ஒட்டினதுதான் இது. எந்த ரூல் எந்த வருஷத்துல எந்த பேரத்துல வந்துதுன்னு தெரிஞ்சா நமக்கு எங்க அடி விழும்னு முன்னாடியே தெரியும், அதுக்குத்தான் இவ்ளோ பழைய கதை.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச உடனே 1945ல ஜனாதிபதி ட்ரூமன் நாட்டுல எல்லாருக்கும் அரசு இன்சூரன்ஸ் வேணும்னு காங்கிரஸ்ல (அமெரிக்க பார்லிமென்ட்) கேட்டார், அமெரிக்க டாக்டர்கள் சங்கம் கம்யூனிசம் வந்துடும்னு பயம் காட்டி அதை காலி பண்ணிடுச்சு. அந்த சமயத்துல கம்பெனிங்க வேலைக்காரங்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க, ஆனா ரிட்டயர் ஆனவனுக்கு கம்பெனியும் இல்ல, தனியார் இன்சூரன்ஸ்காரனுக்கு அவன் வேண்டவும் வேண்டாம், வயசான உடம்புக்கு செலவு ஜாஸ்தி. 60கள் ஆரம்பத்துல வயசானவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸே கிடையாது. எல்லாருக்கும்னு கேட்டாத்தான தோக்கறோம், பாட்டி தாத்தாவுக்கு மட்டும்னு கேப்போம், யார் வேண்டாம்பாங்கன்னு திட்டத்தை சுருக்குனாங்க. அப்பவும் டாக்டர்கள் சங்கம் விடல, 1961ல நடிகரா இருந்த ரொனால்ட் ரீகனை வச்சு இதுக்கு எதிரா ஒரு பேச்சை கிராமஃபோன் தட்டுல பதிவு பண்ணி டாக்டர் வீட்டம்மாங்க மூலமா காபி பார்ட்டி நடத்தி ஊர் ஊரா போட்டு காட்டினாங்க. (அதே ரீகன் பின்னாடி ஜனாதிபதியாகி மெடிகேரை பெருசாக்கற ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டது தனி கூத்து, அது கீழ வருது.)

1964 தேர்தல்ல லிண்டன் ஜான்சன் கட்சி அள்ளிக்கிட்டு ஜெயிச்ச பிறகு நிலைமை மாறிடுச்சு. அப்ப மேஜையில மூணு யோசனை இருந்துது. ஜான்சன் தரப்பு கேட்டது சம்பளத்துல பிடிக்கற வரியில ஓடற ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ், குடியரசு கட்சிக்காரர் ஜான் பைர்ன்ஸ் கேட்டது விருப்பப்பட்டவங்க பிரீமியம் கட்டி டாக்டர் செலவுக்கு எடுத்துக்கற இன்சூரன்ஸ், டாக்டர்கள் சங்கம் சொன்னது ஏழைகளுக்கு மட்டும் உதவி. வரிக் கமிட்டி தலைவர் வில்பர் மில்ஸ் கில்லாடி, மூணுல எதை எடுக்கறதுன்னு எல்லாரும் பாத்துட்டு இருந்தப்ப மூணையும் சேத்து ஒன்னு மேல ஒன்னா அடுக்கிட்டார். முதல் அடுக்கு பார்ட் ஏ, ரெண்டாவது பார்ட் பி, மூணாவது மெடிகெய்டு. 1965 ஜூலை 30 மிசூரியில இன்டிபெண்டன்ஸ் ஊர்ல ட்ரூமன் நூலகத்துல வச்சு ஜான்சன் கையெழுத்து போட்டு முதல் கார்டை ட்ரூமனுக்கே குடுத்தார், அடுத்த வருஷம் ஜூலை 1 திட்டம் ஓட ஆரம்பிச்சுது. அப்ப பார்ட் பி பிரீமியம் மாசம் 3 டாலர், ஆஸ்பத்திரி டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நம்ம கையிலேந்து கட்டற தொகை) 40 டாலர். இன்னைக்கு நிலவரம் கீழ சொல்றேன், மனசை தேத்திக்குங்க.

இதுல ஒரு நல்ல காரியம் பலருக்கு தெரியறதில்ல. அப்ப தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத்தவங்களுக்கு தனி வார்டு, சில ஆஸ்பத்திரியில வாசல்லயே அனுமதி இல்ல. 1964 சிவில் உரிமைச் சட்டப்படி பாகுபாடு பாக்கற இடத்துக்கு அரசு பணம் கிடையாதுங்கறதால, மெடிகேர் பணம் வேணும்னா தடுப்புச் சுவரை எடுன்னுட்டாங்க, ஆயிரத்துக்கு மேல ஆஸ்பத்திரிங்க நாலு மாசத்துக்குள்ள மாறிடுச்சு. கோர்ட்டு கேஸ் போட்டு வருஷக்கணக்கா நகராதது பணத்தை காட்டினதும் நகந்துது.

சரி, அந்த மில்ஸ் அடுக்கினது இன்னைக்கு நம்ம பாக்கெட்டை எப்படி தொடுதுன்னு பாப்போம். பார்ட் ஏவுக்கு பணம் வர்றது சம்பள வரியில, உங்க பே ஸ்டப்ல மெடிகேர்னு 1.45 பெர்சன்ட் பிடிக்கறாங்களே அதேதான், முதலாளி இன்னொரு 1.45 போடுவார், சம்பளம் ரெண்டு லட்சம் டாலரை தாண்டினா (தம்பதின்னா ரெண்டரை லட்சம்) மேல இருக்கறதுக்கு 0.9 எக்ஸ்ட்ரா. வேலை பாக்கும்போதே கட்டிட்டீங்கங்கறதால 40 கிரெடிட், அதாவது சுமாரா பத்து வருஷ வேலை இருந்தா 65ல பார்ட் ஏ பிரீமியமே இல்லாம வரும், உங்க கணக்குல வீட்டுக்காரர் வீட்டம்மாவுக்கும் வரும். பார்ட் பி பைர்ன்ஸ் யோசனைலேந்து வந்ததால அதுக்கு பிரீமியம் உண்டு, மொத்த செலவுல கால்வாசிதான் பிரீமியம், மிச்சம் பொது வரிப்பணம். 2026ல மாசம் 202.90 டாலர், வருமானம் ஜாஸ்தின்னா இன்னும் கூட, அதுவும் ரெண்டு வருஷம் முன்னாடி வருமானத்தை பாத்து. போன வருஷம் ரிட்டயர் ஆகி வருமானமே இல்லாதவருக்கு பழைய ஐடி சம்பளத்தை வச்சு பில் வரும், ஃபார்ம் போட்டு வேலை நின்னுடுச்சுன்னு சொன்னா குறைச்சுக்குவாங்க, சொல்லலன்னா வாங்கிக்குவாங்க.

மெடிகேர் திவால் ஆகப்போகுதுன்னு வர்ற செய்தியெல்லாம் பார்ட் ஏவை பத்தினது மட்டும்தான். மெடிகேர் நிதியை கண்காணிக்கற டிரஸ்டீஸோட 2025 அறிக்கைப்படி ஆஸ்பத்திரி நிதியோட கையிருப்பு 2033ல தீரும், அப்பவும் சம்பள வரி வந்துட்டே இருக்கும்ங்கறதால 89 பெர்சன்ட் செலவை குடுக்க முடியும். பார்ட் பிக்கு பொது கஜானா இருக்கறதால அது சட்டப்படி காலியே ஆகாது, பிரீமியம்தான் ஏறிட்டே போகும்.

அடுத்து அந்த காலத்து இன்சூரன்ஸ் பாலிசியோட சாயல் எப்படி அப்படியே ஒட்டிட்டு இருக்குன்னு பாருங்க. பார்ட் ஏ 60கள்ல இருந்த புளூ கிராஸ் ஆஸ்பத்திரி பாலிசி சாயல்ல வந்தது, அதனால நாள் கணக்கு. 2026ல ஆஸ்பத்திரியில சேந்தா முதல்ல 1,736 டாலர் நீங்க கட்டணும், அது வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல, டிஸ்சார்ஜ் ஆகி 60 நாள் கழிச்சு திரும்ப சேந்தா திரும்ப கட்டணும். 60 நாள் வரைக்கும் வேற ஒன்னும் இல்ல, 61லேந்து 90 வரை தினம் 434, அதுக்கு மேல ஆயுசுக்கு மொத்தம் 60 ரிசர்வ் நாள், தினம் 868, அதுவும் தீந்துதுன்னா முழுக்க உங்க தலையில. பார்ட் பியில வருஷம் 283 டாலர் டிடக்டிபிள், அப்புறம் 20 பெர்சன்ட் உங்க பங்கு. அந்த 20 பெர்சன்ட்டுக்கு உச்ச வரம்பே கிடையாது. ஐடி கம்பெனி இன்சூரன்ஸ் பாத்தே பழகினவங்களுக்கு இது நம்பவே முடியாது, அங்க வருஷத்துக்கு இவ்ளோதான்னு ஒரு எல்லை இருக்கும்ல, ஒரிஜினல் மெடிகேர்ல அது இல்ல. கேன்சர் ட்ரீட்மென்ட் 2 லட்சம் டாலர்னா 40 ஆயிரம் உங்க பங்கு.

நாள் கணக்குல இன்னொரு கண்ணி. ஆஸ்பத்திரிலேந்து நேரா நர்சிங் ஹோமுக்கு போய் பிசியோதெரபி, காயத்துக்கு கட்டுன்னு தேறி வர்றதுக்கு 20 நாள் முழுசாவும், 100 நாள் வரைக்கும் தினம் 217 டாலர் நம்ம பங்கோடவும் பார்ட் ஏ குடுக்கும், ஆனா அதுக்கு முன்னாடி மூணு நாள் இன்பேஷன்ட்டா இருந்திருக்கணும். நாலு நாள் அதே கட்டில்ல படுத்திருந்தாலும் ஃபைல்ல அப்சர்வேஷன்னு போட்டிருந்தா நீங்க சட்டப்படி வெளி நோயாளி, நர்சிங் ஹோம் செலவு மொத்தமும் உங்களுது. அதனால அப்பா அம்மா அட்மிட் ஆனா டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி இன்பேஷன்ட்டா அப்சர்வேஷனாங்கறது.

இனி மாற்றுத்திறனாளிங்க கதை. 1965ல அவங்க பேரே சட்டத்துல இல்ல. 1972 அக்டோபர்ல நிக்சன் கையெழுத்து போட்ட திருத்தத்துலதான் உள்ள வந்தாங்க, அதுவும் கதவு முழுசா தொறக்கல. சோஷியல் செக்யூரிட்டியில (சம்பள வரியில ஓடற அரசு பென்ஷன் திட்டம்) உடல் குறைபாட்டு பென்ஷன் வாங்கறவங்களுக்கு மட்டும், அதுவும் பென்ஷன் ஆரம்பிச்சு 24 மாசம் கழிச்சு. பென்ஷனுக்கே முதல்ல அஞ்சு மாசம் காத்திருக்கணும், ஆக வேலை பாக்க முடியாம போன நாள்லேந்து 29 மாசம். ஏன் 24? செலவை கட்டுப்படுத்தணும், குறைபாடு நிஜமாவே நீடிக்குதான்னு பாக்கணும்னு அப்ப காரணம் சொன்னாங்க. நிஜத்துல என்ன ஆகும்னா, ஸ்ட்ரோக் வந்து 50 வயசுல வேலை போனவனுக்கு கம்பெனி இன்சூரன்ஸும் சேந்து போகும், டாக்டர் அவசரமா தேவைப்படற அந்த ரெண்டரை வருஷத்துக்கு மெடிகேர் எட்டி நின்னு வேடிக்கை பாக்கும். கோப்ராங்கற சட்டத்தை வச்சு கம்பெனி இன்சூரன்ஸை சொந்த காசுல நீட்டிக்கலாம், வருமானம் விழுந்துட்டா மெடிகெய்டு, இல்லன்னா மார்க்கெட்பிளேஸ் (தனியாளுங்க இன்சூரன்ஸ் வாங்க அரசு வச்சிருக்கற சந்தை). காத்திருக்கும்போதே செத்துப்போறவங்களும் உண்டு. ஏ.எல்.எஸ். (நரம்பு பழுதாகி தசையெல்லாம் செயலிழக்கற நோய்) வந்தவங்களுக்கு மட்டும் 2001லேந்து அந்த 24 மாசத்தை எடுத்துட்டாங்க, அந்த நோய்க்கு அவ்ளோ நாள் காத்திருக்க உயிர் இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். மத்தவங்களுக்கு ஐம்பது வருஷம் தாண்டியும் அதே 24.

சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கு மட்டும் அதே 1972ல வயசு வரம்பே இல்லாம கதவு தொறந்துச்சு, அந்த கதை ரொம்ப சுவாரசியம். 60கள்ல டயாலிசிஸ் மெஷின் கொஞ்சம்தான் இருந்துது, சியாட்டில்ல யாருக்கு மெஷின் குடுக்கறது யாரை சாக விடறதுன்னு முடிவு பண்ண ஊர்ப் பெரியவங்க கமிட்டி ஒன்னு இருந்துது, 1962ல பத்திரிகையில அது வெளிய வந்து நாடே அதிர்ந்து போச்சு. 1971 நவம்பர்ல ஷெப் கிளேசர்னு ஒரு நோயாளி காங்கிரஸ் கமிட்டி முன்னாடியே தன் உடம்புல டயாலிசிஸ் மெஷினை மாட்டி ஓட்டி காட்டினார். அடுத்த வருஷம் சட்டம் வந்துடுச்சு. இப்பவும் சிறுநீரகம் செயலிழந்தா எந்த வயசுலயும் மெடிகேர், கொஞ்சம் வேலை கிரெடிட் இருந்தா போதும், குழந்தைக்குன்னா அப்பா அம்மாவோட கிரெடிட் போதும். சாதாரணமா டயாலிசிஸோட நாலாவது மாசத்துலேந்து வரும், வீட்டுலயே பண்ண ட்ரெயினிங் எடுத்தா முதல் மாசமே. உறுப்பு மாத்தி வச்சு 36 மாசம் ஆனா இந்த மெடிகேர் நின்னுடும், ஆனா புது கிட்னியை காப்பாத்தற மாத்திரை ஆயுசுக்கும் வேணும், மாத்திரை வாங்க முடியாம கிட்னி போய் திரும்ப டயாலிசிஸுக்கு வந்தா அதுக்கு மட்டும் அரசு பணம் குடுக்கும், இந்த அபத்தம் பல வருஷம் ஓடிச்சு. 2023லேந்துதான் அந்த மாத்திரைக்கு மட்டும் தனி கவரேஜ் வந்திருக்கு.

ஆட்டிசம், செரிப்ரல் பால்சி மாதிரி சின்ன வயசுலேந்தே குறைபாடு உள்ள பிள்ளைங்களோட பெத்தவங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்னு இருக்கு. 22 வயசுக்கு முன்னாடியே குறைபாடு இருந்துதுன்னு நிரூபிச்சா, நீங்க சோஷியல் செக்யூரிட்டி வாங்க ஆரம்பிக்கும்போதோ உங்களுக்கு பிறகோ உங்க கணக்குல அந்த பிள்ளைக்கு பென்ஷன் வரும், அதுக்கு 24 மாசம் கழிச்சு மெடிகேரும் வரும். பழைய மெடிக்கல் பேப்பர், ஸ்கூல் ரெகார்டு எதையும் தூக்கி போட்டுடாதீங்க.

அப்புறம் இனிமே முன்னேற்றம் வராதுன்னு சொல்லி தெரபியை நிறுத்தறது. நரம்பு சம்பந்தமான நோய், கால் எடுத்தவங்க இவங்களுக்கெல்லாம் இதை சொல்லித்தான் வருஷக்கணக்கா மறுத்தாங்க. ஜிம்மோ வழக்குல 2013ல ஆன உடன்பாட்டுப்படி, திறமையான தெரபியும் நர்சிங்கும் இருக்கற நிலைமையை காப்பாத்தவோ மோசமாகறதை தள்ளிப்போடவோ தேவைன்னா அதுவே போதும், குணமாகணும்ங்கற அவசியம் இல்ல. இன்னமும் பழைய காரணத்தை சொல்லி நிறுத்த பாப்பாங்க, அந்த வழக்கு பேரை சொல்லி அப்பீல் பண்ணுங்க.

இப்ப அந்த உச்ச வரம்பு இல்லாத 20 பெர்சன்ட்டுக்கு வருவோம். இந்த ஓட்டையை அடைக்க 1988ல ஒரு சட்டம் போட்டாங்க, கையெழுத்து போட்டது மேல சொன்ன ரீகன். வருஷ செலவுக்கு உச்ச வரம்பு, மருந்து கவரேஜ் எல்லாம் அதுல இருந்துது. ஆனா அதுக்கான காசை வசதியான வயசானவங்ககிட்டயே எக்ஸ்ட்ராவா, வருஷம் 800 டாலர் வரைக்கும், வாங்கறதா வச்சிருந்தாங்க. அவங்கள்ல பலருக்கு பழைய கம்பெனி புண்ணியத்துல அந்த வசதியெல்லாம் ஏற்கனவே இருந்துது, ஏற்கனவே இருக்கறதுக்கு நான் ஏன் கட்டணும்னு கொந்தளிச்சுட்டாங்க. 1989 ஆகஸ்ட்ல சிகாகோவுல வரிக் கமிட்டி தலைவர் டான் ராஸ்டென்கவுஸ்கி காரை தாத்தா பாட்டிங்க சூழ்ந்து மறிச்சு கத்த, மனுஷன் இறங்கி ஓடினது டிவியில வந்துது. அந்த வருஷம் முடியறதுக்குள்ள சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரிஜினல் மெடிகேருக்கு உச்ச வரம்புங்கற பேச்சை எடுக்க எவனுக்கும் தைரியம் வரல.

அதனால அந்த ஓட்டையை தனியார் அடைச்சு காசு பாக்கறாங்க. ஒரு வழி மெடிகேப், மெடிகேர் குடுத்தது போக மிச்சத்தை குடுக்கற பாலிசி. பிளான் ஜி எடுத்தா பார்ட் பி டிடக்டிபிள் தவிர மேல சொன்ன கிட்டத்தட்ட எல்லாத்தையும் அது பாத்துக்கும், வெளிநாட்டு பயணத்துல முதல் 60 நாள் எமர்ஜென்சிக்கும் 80 பெர்சன்ட், ஆயுசுக்கு 50 ஆயிரம் டாலர் வரை, அதாவது மதுரையில கல்யாணத்துக்கு போன இடத்துல நெஞ்சு வலின்னா கொஞ்சம் உதவும். ஆனா 65 ஆகி பார்ட் பி ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள எடுத்தாத்தான் எந்த நோய் இருந்தாலும் மறுக்க முடியாது. அதை விட்டா பெரும்பாலான மாநிலங்கள்ல சுகர் இருக்கா, ஸ்டென்ட் வச்சிருக்கான்னு கேட்டு மறுப்பாங்க. நியூயார்க், கனெக்டிகட் மாதிரி ஒரு சில மாநிலங்கள் விதிவிலக்கு. 65க்கு கீழ குறைபாட்டால மெடிகேர் வாங்கறவங்களுக்கு மெடிகேப் வித்தே ஆகணும்னு மத்திய சட்டத்துல இல்ல, மாநில சட்டம் இருந்தாத்தான் உண்டு, இருந்தாலும் பல இடத்துல விலை கூட. 65 ஆகும்போது அவங்களுக்கும் அந்த ஆறு மாசம் புதுசா கிடைக்கும், அதை தவற விடக்கூடாது.

இன்னொரு வழி அட்வான்டேஜ், பார்ட் சி. 1997ல வேற பேர்ல வந்து 2003ல இந்த பேருக்கு மாறினது, இன்னைக்கு பாதிக்கு மேல ஆளுங்க இதுலதான் இருக்காங்க. அக்டோபர் 15லேந்து டிசம்பர் 7 வரைக்கும், பிளான் மாத்திக்கற சீசன்ல, டிவியை போட்டா பழைய ஃபுட்பால் ஸ்டார் ஜோ நேமத் வந்து கூப்பிடுன்னு கத்துவாரே அதேதான். அரசு தலைக்கு இவ்ளோன்னு தனியார் கம்பெனிக்கு பணத்தை குடுத்துடும், கம்பெனி உங்களை பாத்துக்கணும். பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் சேத்து தருவாங்க, பல பிளான்ல எக்ஸ்ட்ரா பிரீமியமே இருக்காது, உச்ச வரம்பும் உண்டு (2026ல நெட்வொர்க்குக்குள்ள அதிகபட்சம் 9,250 டாலர்). ஆனா டாக்டர் நெட்வொர்க்ல இருக்கணும், ஸ்கேன், சர்ஜரி, நர்சிங் ஹோம்னு பலதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். நல்லா இருக்கற வரைக்கும் அருமையா இருக்கும், பெரிய வியாதி வந்து ஊர்ல பெரிய கேன்சர் சென்டருக்கு போகணும்னு ஒரிஜினலுக்கு திரும்பி வந்தா வரலாம், ஆனா பெரும்பாலான மாநிலங்கள்ல மெடிகேப் கிடைக்கறது கஷ்டம், அந்த 20 பெர்சன்ட் வாயை பொளந்துட்டு நிக்கும். 65ல முதல் தடவையா அட்வான்டேஜ் எடுத்தவங்க 12 மாசத்துக்குள்ள மனசு மாறினா மட்டும் மெடிகேப் உரிமையோட திரும்பலாம். மாசாமாசம் மெடிகேப் பிரீமியம் கட்ட வசதி இருந்தா நான் அந்த வழியைத்தான் சொல்வேன், இல்லாதவங்களுக்கு அட்வான்டேஜ் தப்பே இல்ல, டாக்டர் லிஸ்டை மட்டும் பாத்துட்டு சேருங்க.

மாத்திரைக்கான பார்ட் டி வந்த கதை சுருக்கமா. 2003 நவம்பர்ல காங்கிரஸ் கீழ்சபையில விடிகாலை மூணு மணிக்கு ஓட்டெடுப்பு ஆரம்பிச்சு, தோக்கறாங்கன்னு தெரிஞ்சதும் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் முடிக்காம இழுத்து, உறுப்பினர்களை மடக்கி மடக்கி பேசி 220க்கு 215ல ஜெயிச்சாங்க. மருந்து கம்பெனிகிட்ட அரசு விலை பேரம் பேசக்கூடாதுன்னு அதுலயே ஒரு வரியை சொருகிட்டாங்க. சட்டத்தை உருவாக்கினதுல முக்கியமான பில்லி டாசின் 2005ல மருந்து கம்பெனிகள் சங்கத்துக்கே தலைவரா போய் உக்காந்தார், நம்ம ஊர்ல நடந்தா நாலு நாள் பட்டிமன்றம் நடக்கும். 2006ல ஆரம்பிச்சப்ப நடுவுல ஒரு பள்ளம், மருந்து செலவு 2,250 டாலரை தாண்டினா 5,100 வரைக்கும் முழுக்க நீங்கதான். அதை 2010 சட்டம் கொஞ்சம் கொஞ்சமா மூடிச்சு. 2022 சட்டம்தான் பெருசு, இன்சுலின் மாசம் 35 டாலர், 2025லேந்து வருஷ மருந்து செலவுக்கு 2,000 டாலர் உச்ச வரம்பு (2026ல 2,100), அந்த பேரத் தடையும் கொஞ்சம் உடைஞ்சு எலிக்விஸ், ஜார்டியன்ஸ், ஜனுவியா உட்பட பத்து மருந்துக்கு பேசின விலை 2026 ஜனவரிலேந்து வந்திருக்கு. சுகரும் ஹார்ட்டும் நம்மாளுங்க வியாதிங்கறதால இந்த லிஸ்ட்ல உங்க வீட்டு மாத்திரை ஒன்னாவது இருக்க வாய்ப்பிருக்கு.

எந்த பார்ட்டும் குடுக்காதது வீட்டுலயோ நர்சிங் ஹோம்லயோ வருஷக்கணக்கா குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாத்ரூம் கூட்டிட்டு போற பராமரிப்பு. டிமென்ஷியா வந்த அம்மாவை மெடிகேர் பாத்துக்கும்னு நினைக்கறவங்க நிறைய, பாத்துக்காது. அது மெடிகெய்டு வேலை, அதுக்கு கையிருப்பு கிட்டத்தட்ட கரைஞ்சிருக்கணும், பல மாநிலத்துல 2,000 டாலர்தான் வரம்பு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் யாருக்கு எழுதி வச்சீங்கன்னு நோண்டுவாங்க.

இப்ப அந்த வாட்ஸப் கேள்விக்கு வருவோம், ஊர்லேந்து வந்த அப்பா அம்மா. விசிட்டர் விசாவுல வந்தவங்களுக்கு மெடிகேர் பேச்சே இல்ல. கிரீன் கார்டு வாங்கினவங்களுக்கு 65 ஆகியிருக்கணும், தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்திருக்கணும், அதுக்கப்புறம் காசு குடுத்து வாங்கலாம். "நான் இருபது வருஷமா மெடிகேர் வரி கட்டறேனே"ன்னா, உங்க கிரெடிட் உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும்தான், பெத்தவங்களுக்கு செல்லாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லாததால அப்பா அங்க பாத்த 35 வருஷ வேலையும் கணக்குல வராது. ஆக 2026 விலையில பார்ட் ஏ 565, பார்ட் பி 202.90, ஒருத்தருக்கு மாசம் 767.90 டாலர், ரெண்டு பேருக்கு 1,535.80. அப்புறம்தான் மெடிகேப்பும் பார்ட் டியும். சிலர் அந்த காசுக்கு மார்க்கெட்பிளேஸ்லயே இருந்துக்கறாங்க, பார்ட் ஏவை காசு குடுத்து வாங்க வேண்டிய நிலைமையில இருக்கறவங்க அதுல சேராம இருந்தா அது முடியும், கணக்கு போட்டு பாக்கணும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நிஜமாவே சின்ன வேலை பாக்க தெம்பும் விருப்பமும் இருந்தா கணக்கு மாறும். 2026ல 1,890 டாலர் சம்பளத்துக்கு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு நாலுதான் அதிகபட்சம், ஆக 7,560 டாலர் சம்பாதிச்சா அந்த வருஷ கோட்டா முடிஞ்சுது. 30 கிரெடிட் வந்தா பார்ட் ஏ 311 ஆகும், 40 வந்தா ரெண்டு பேருக்கும் பூஜ்யம். சும்மா பேப்பர்ல சம்பளம் காட்டறது மோசடி, அதுக்கு போகாதீங்க.

உங்களுக்கே 65 நெருங்குதுன்னா பயப்பட வேண்டியது அபராதத்துக்கு. சோஷியல் செக்யூரிட்டி முழு வயசு 67க்கு போயிடுச்சு, மெடிகேர் 65லயே நிக்குது, 67ல ரெண்டையும் சேத்து பாத்துக்கலாம்னு இருந்து மாட்டறவங்க ஏராளம். 65 பிறந்தநாள் மாசம், அதுக்கு முன்ன மூணு, பின்ன மூணு, இந்த ஏழு மாசத்துக்குள்ள சேரணும். நீங்களோ வீட்டம்மாவோ வேலையில இருந்து, 20 பேரோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தா தள்ளிப்போடலாம், வேலை நின்ன எட்டு மாசத்துக்குள்ள பார்ட் பி எடுத்துடணும். கோப்ரா இருக்கேன்னு உக்காந்தீங்கன்னா அது கணக்குல வராது. தாமதமான ஒவ்வொரு முழு 12 மாசத்துக்கும் பார்ட் பி பிரீமியத்துல 10 பெர்சன்ட், ஆயுசுக்கும். எச்.எஸ்.ஏ.ல (மருத்துவ செலவுக்கு வரியில்லாம சேமிக்கற கணக்கு) பணம் போடறவங்க, 65க்கு மேல மெடிகேர் அப்ளை பண்ணா பார்ட் ஏ ஆறு மாசம் வரை பின்தேதியிட்டு வரும்ங்கறதால அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. குழப்பமா இருந்தா ஒவ்வொரு மாநிலத்துலயும் ஷிப்னு இலவச ஆலோசனை மையம் இருக்கு, அவங்க எதையும் விக்கறவங்க இல்ல, ஏஜென்ட்டுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க.

கடைசியா கோயம்புத்தூர்ல செட்டில் ஆகப்போறேன்னு சொல்றவங்களுக்கு. அமெரிக்காவுக்கு வெளிய மெடிகேர், சில எல்லையோர விதிவிலக்கு தவிர, ஒத்த பைசா குடுக்காது. பிரீமியம் இல்லாத பார்ட் ஏ அது பாட்டுக்கு இருக்கட்டும். பார்ட் பியை மாசாமாசம் கட்டிட்டே அங்க இருந்தா உபயோகமில்லாத செலவு, நிறுத்திட்டு ஆறு வருஷம் கழிச்சு பேரனை பாக்க நிரந்தரமா திரும்பி வந்தா 60 பெர்சன்ட் அபராதம், 2026 விலையில 202.90 போய் மாசம் சுமார் 325 டாலர் ஆகும், அதுவும் ஜனவரிலேந்து மார்ச்சுக்குள்ளதான் சேர முடியும், சேந்த அடுத்த மாசம் ஆரம்பிக்கும். ஆறு வருஷம் சும்மா கட்டியிருந்தா அதே விலையில 14,600 டாலர் போயிருக்கும், அபராதம் மாசம் சுமார் 122 டாலர் கூடன்னா அதை எட்ட பத்து வருஷம் ஆகும். அதனால பல பேருக்கு நிறுத்தறதுதான் லாபம், ஆனா ஏப்ரல்ல உடம்பு படுத்தா அடுத்த ஜனவரியில சேர்ற வரைக்கும் இங்க வந்தாலும் டாக்டர் செலவுக்கு பார்ட் பி இல்லங்கறதையும் சேத்து யோசிச்சு, அங்க ஒரு நல்ல ஹெல்த் பாலிசியை 60 தாண்டறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்குங்க.